ஆங்கில மரபுத்தொடரும் அந்நியரும்

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துவந்த காலத்தில், ஒரு நாள் மொழிபெயர்ப்பு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதினார். 'ஹீ கேவ் அப் ஸ்மோக்கிங்' என்பது அந்த வாக்கியம். அதைத் தமிழில் சொல்லும்படி என்னை எழுப்பினார். 'கேவ்' என்றால் கொடுத்தான், விட்டான். 'அப்' என்றால் மேலே. 'ஸ்மோக்' என்றால் புகை. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். ஆகையால் சற்றும் தயங்காமல், "அவன் புகையை மேலே விட்டான்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். பிறகு, புகை பிடிப்பதை நிறுத்திவிட்டான் என்பதே பொருள் என்று திருத்தினார். "மேலே என்ற சொல்லுக்கும் நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம், ஐயா?" என்று கேட்டேன். "காரணம் கேட்காதே, மனப்பாடம் செய்" என்று விடை வந்தது.

அதன்பின் பள்ளிப் படிப்பு முடியும்வரை நான் வகுப்பில் ஆங்கிலம் பேச வாய் திறந்ததில்லை. குறை என் அறிவில்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். மாணவ நண்பர்களே, உங்களுள்ளும் பலர் இப்போது அவ்வாறே எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். ஆனால் அன்று நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. வெகு காலம் கழித்தே அதைத் தேடிப் படித்தேன். அந்த வரலாற்றில் என்னைப் போல் விழித்து நின்றவர்களைக் கண்டபோது என் பழைய வெட்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

முதலில் எதிர்ப்பட்டவர் டாக்டர் சாமுவேல் ஜான்ஸன். லண்டன் நகரத்துப் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்று கூடி, 1746-ஆம் ஆண்டில், 1,500 கினி ஊதியம் பேசி, ஓர் ஆங்கில அகராதி தொகுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். ஃப்ளீட் தெருவுக்கு அருகே ஒரு வீட்டின் மேல்மாடியில், ஆறு எழுத்தர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். அந்த அறுவரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலையிருக்கிறது. 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன. அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவருக்குப் பெரும் பாடாக இருக்கவில்லை. சின்னஞ்சிறு சொற்களே அவரை வாட்டின. 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்து எழுத வேண்டியதாயிற்று.

அந்த அகராதியின் முன்னுரையில் அவர் ஒரு செய்தி சொல்கிறார். வினைச்சொல்லின் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்' போன்ற ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம், வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் மிகுதியாம். அந்நியர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய தொல்லை இதுவேயாம். சில தொடர்கள் தம் மூலச் சொற்களின் பொருளைவிட்டு வெகு தூரம் போய்விட்டன. எவ்வளவு கூரிய அறிவுடையவனும் அவை வந்த வழியைக் கண்டுபிடிக்க மாட்டான் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தின் தலைசிறந்த அகராதிக்காரரே கைவிரித்துவிட்ட ஓரிடத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் விழுந்தான் என்றால், அது சிரிப்பதற்குரியதா? என் ஆசிரியர் சொன்னதைத்தான் ஜான்ஸனும் சொன்னார் என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜான்ஸன் அதோடு நின்றுவிடவில்லை. அத்தகைய தொடர்களை மிகுந்த கவனத்தோடு திரட்டித் தம் அகராதியில் சேர்த்தார். விட்டுப்போனவற்றைக்கூட, உள்ளவற்றோடு ஒப்பிட்டு மாணவன் தானே விளங்கிக்கொள்ளலாம் என்று நம்பினார். பயில்வோரை மனத்தில் வைத்து அகராதிக்காரர் ஒருவர் செய்த வேலை அது.

இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நாம் 'கைவிட்டான்' என்கிறோம், 'தலையிட்டான்' என்கிறோம். தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கையையும் தலையையும் தேடிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்! 'தூங்கிவிட்டான்' என்பதில் எதை விட்டான் என்று அவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? தாய்மொழியில் இருக்கும் கரடுமுரடு பேசுகிறவன் காலில் தைப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவன் காலில்தான் தைக்கிறது.

ஜான்ஸன் கண்டறிய முடியாது என்று சொன்ன வழிகளுள் சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். என் 'கிவ் அப்' அவற்றுள் ஒன்று என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வந்தன. 'அண்டர்ஸ்டாண்ட்' என்னும் சொல் அந்தக் காலத்து எச்சம். ஜெர்மன் மொழியில் இன்றும் அவ்வகை வினைகள் ஏராளம். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் வந்து குடியேறின. முன்னொட்டுடைய பழைய வினைகள் பல வழக்கிழந்தன. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் முன்னரே குடியேறியிருந்த டேனியர்களின் பேச்சில் சிறு சொல் வினைக்குப் பின்னால் வருவதே வழக்கம். அவர்களுடைய உறவாலும் ஆங்கிலத்தில் சிறு சொல் வினையின் பின்புறம் வந்து நின்றது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பீட்டர்பரோ என்னும் ஊரில் ஒரு மடம் இருந்தது. அங்கே துறவிகள் ஆண்டுவாரியாக ஒரு நாளாகமம் எழுதிவந்தார்கள். அதன் கடைசிப் பகுதி 1154-ஆம் ஆண்டோடு முடிகிறது. ஸ்டீபன் மன்னனுடைய குழப்பமான ஆட்சியைப் பற்றிய பகுதி அது. மன்னன் ஸால்ஸ்பரி பிஷப்பையும் அவருடைய உறவினரையும் பிடித்துச் சிறையில் இட்டான். அவர்கள் தம் கோட்டைகளை ஒப்படைக்கும் வரையில் விடவில்லை. இந்த 'ஒப்படைத்தல்' என்னும் இடத்தில் அந்தத் துறவி எழுதியிருக்கும் சொல் 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவமே. ஆங்கில எழுத்தில் அத்தொடர் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் அது ஒன்று. கோட்டையைப் பகைவனிடம் முழுவதுமாகக் கொடுத்துவிடுவது முதற்பொருள். பிறகு உரிமையை, நம்பிக்கையை, முயற்சியை விட்டுவிடுவது. அதன்பின், பழக்கத்தை விட்டுவிடுவது. நான் புகையை மேலே விட்டேனே, அந்த 'அப்' எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கோட்டை வாசலில் நின்ற சொல்! இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், மனப்பாடம் செய்யவே வேண்டியிருந்திராது.

நம் நாட்டு மாணவர்களுக்கு இதில் வேறொரு சங்கடமும் சேர்ந்தது. 'புட் அவுட்' என்று வீட்டில் பேசும் ஆங்கிலேயர், ஏட்டில் 'எக்ஸ்டிங்க்விஷ்' என்று எழுதுவர். 'புட் ஆஃப்' என்பதே ஏட்டில் 'போஸ்ட்போன்' ஆகிவிடும். முன்னது வீட்டுப் பிள்ளை. பின்னது லத்தீன் வழி வந்த விருந்தாளி. நம் பாட்டன்மார் ஆங்கிலம் கற்றது பர்க்கின் சொற்பொழிவிலிருந்தும் மெக்காலேயின் கட்டுரையிலிருந்தும் கச்சேரிக் காகிதங்களிலிருந்தும். ஆகவே விருந்தாளிகளை அவர்கள் நன்கு அறிவார்கள். வீட்டுப் பிள்ளைகளைத்தான் தெரியாது. பெரிய சொல் தெரிந்தவன் சின்னச் சொல்லில் இடறுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அந்த ஸ்காட்லாந்துக்காரர்களிடம் வருவோம். 1707-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் வந்தன. அதுமுதல் எடின்பரோ நகரத்துக் கல்விமான்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தாங்கள் எழுதும் ஆங்கிலத்தில் ஸ்காட்டிய மரபு எங்கேனும் தலைகாட்டி, லண்டனில் நகைப்புக்கு இடமாகிவிடுமோ என்ற பயம். தத்துவ ஞானி டேவிட் ஹ்யூமைவிடத் தெளிவாக எழுதியவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவரே, தவிர்க்கவேண்டிய ஸ்காட்டியப் பிரயோகங்களை ஒரு பட்டியலாக எழுதிவைத்துக்கொண்டிருந்தார். 1752-இல் வெளியான அவருடைய அரசியல் கட்டுரைத் தொகுதியின் சில பிரதிகளோடு அப்பட்டியல் சேர்த்து அச்சிடப்பட்டது. 1776-இல் ஹ்யூம் இறந்தபோது, அவர் தம் பாவங்களை அறிக்கையிடவில்லை, ஸ்காட்டியப் பிரயோகங்களையே அறிக்கையிட்டுவிட்டு இறந்தார் என்று கேலிப் பேச்சு உலவியதாகச் சொல்வார்கள். 1787-இல் ஜேம்ஸ் பீட்டி என்னும் பேராசிரியர் இதே நோக்கத்தோடு ஒரு சிறு நூலே வெளியிட்டார். பிழைக்கும் வழக்குக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணி உறக்கம் கெட்டவர்கள் நாம் மட்டும் அல்லர்.

ஏறத்தாழ ஒரே பொருள் தருவனபோல் தோன்றி ஏமாற்றும் சொற்களைப் பற்றி எழுதியவர்களுள் ஒரு பெண்மணியின் கதை உருக்கமானது. ஹெஸ்டர் த்ரேல் என்பவர் மதுவடிசாலைச் செல்வர் ஒருவரின் மனைவி. அவருடைய வீட்டில் ஜான்ஸன் பல ஆண்டுகள் குடும்பத்தில் ஒருவரைப் போல் தங்கிவந்தார். கணவர் 1781-இல் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், தம் மகளுக்குச் சங்கீதம் கற்பித்த காப்ரியேல் பியோஸ்ஸி என்னும் இத்தாலியரை அவர் மணந்துகொண்டார். நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஜான்ஸன் கடுமையான கடிதம் ஒன்று எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜான்ஸன் மறைந்தார். அம்மையார் கணவரோடு இத்தாலி சென்று சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பினார். 1794-இல் அவர் வெளியிட்ட நூல் 'பிரிட்டிஷ் ஸினானிமி'. ஒத்த சொற்களுள் எந்தச் சொல்லை எந்த இடத்தில் பேச்சில் கையாள்வது என்பதே அதன் பொருள். அதை அவர் காணிக்கையாக்கியது ஆங்கிலப் பெரியோர்களுக்கன்று. ஆங்கில இலக்கியம் பயிலும் தம் அந்நிய நண்பர்களுக்கு. நாள்தோறும் உணவு மேஜையில் ஓர் அந்நியர் தம் மொழியில் தடுமாறுவதை அன்போடு பார்த்தவர் எழுதிய நூல் அது. அகராதி போலன்றி, ஒருவர் எதிரில் அமர்ந்து பேசுவது போலவே அது எழுதப்பட்டிருக்கிறது. புலமையில் ஜான்ஸனுக்கு நிகராகாது என்றாலும், பயில்வோன் எங்கே இடறுவான் என்பதை அம்மையார் அருகிலிருந்து பார்த்தவர் என்பது என் எண்ணம்.

'ஃப்ரேஸல் வெர்ப்' என்று நீங்கள் இலக்கணப் பாடத்தில் படிக்கிறீர்களே, அந்தப் பெயர் மிகவும் இளையது. அதைப் பரப்பியவர் லோகன் பியர்ஸால் ஸ்மித். இவர் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ஆக, இவரும் சற்றே வெளியாள். 1925-இல் வெளியான தம் நூலில் இப்பெயரை எடுத்தாண்டு, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் இது என்று குறிப்பிடுகிறார். மரபுத்தொடர்கள் அறிஞர் வீட்டில் பிறந்தவை அல்ல, தொழிலாளர் வாயில் பிறந்தவை என்பதையும் அந்நூலில் விரித்துக் காட்டினார். திடுக்கிட்டுப்போனவனை 'டேக்கன் அபேக்' என்கிறார்கள். எதிர்க்காற்று திடீரென்று பாய்களை மோதிப் பாய்மரத்தோடு அழுத்தும்போது கப்பல் நின்று தடுமாறும். அந்நிலைக்கு மாலுமிகள் இட்ட பெயர் அது. 'பை அண்ட் லார்ஜ்' என்பதும் பாய்க்கப்பலில் பிறந்ததே. கடலில் பிழைத்த மக்களின் பேச்சில் கடல் வாடை வீசாமல் வேறென்ன வீசும்!

அடுத்த இரண்டு திருப்பங்களும் ஆசியாவில் நிகழ்ந்தன. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் மாணவர் அகராதி இங்கிலாந்து தானாக நினைத்துச் செய்த பொருளன்று என்பதைப் பலர் அறியார்.

மைக்கேல் வெஸ்ட் என்பவர் வங்காளத்தில் டாக்கா நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்கச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும், பெரும்பாலோர் பள்ளியைப் பாதியில் விட்டுப்போகும்போது வெறுங்கையோடு போவதை அவர் கண்டார். ஆயுள் காப்பீட்டைப் பாதியில் ஒப்படைத்தால் ஒரு தொகை கைக்கு வருமல்லவா? அதுபோல், பாதியில் நின்ற மாணவன் கையில் என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். 1926-இல் வெளியான அவருடைய ஆராய்ச்சியின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப் போனால், அப்பொருளில் வரும் சொல் அதைவிடக் கடினமாக இருப்பதே அதுவரை அகராதிகளின் இயல்பு. சீனாவில் ஊழியம் செய்த ஜேம்ஸ் எண்டிகாட் என்னும் கனடியப் பாதிரியாரோடு சேர்ந்து, 1935-இல் வெஸ்ட் ஒரு புதிய அகராதியை வெளியிட்டார். ஏறக்குறைய 18,000 சொற்களுக்கும் 6,000 மரபுத்தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களை மட்டுமே கொண்டு பொருள் கூறியது அது. எழுதிப் பார்த்தவர்களுக்கே அந்த உழைப்பின் அருமை தெரியும். நான் ஒரு முறை பத்துச் சொற்களுக்கு அவ்வாறு எழுத முயன்று, நான்காவதிலேயே நின்றுவிட்டேன்.

மற்றொன்று ஜப்பானில் நடந்தது. ஜப்பானியக் கல்வி அமைச்சு 1922-இல் ஹாரல்டு பாமர் என்னும் ஆங்கிலேயரை மொழிக் கல்வி ஆலோசகராக வரவழைத்தது. அடுத்த ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலப் போதனைக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூடிவரும் என்பதைப் பாமர் இடைவிடாமல் திரட்டினார். 1924-இல் கியூஷூ தீவில் ஆசிரியராக வந்து சேர்ந்த ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் இளைஞர் பிற்பாடு அவரோடு சேர்ந்து உழைத்தார். பாமர் 1936-இல் நாடு திரும்பிய பின்னும் ஹார்ன்பி தங்கியிருந்து, கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவரின் துணையோடு அகராதி ஒன்றைத் தொகுத்தார். ஒரு வினை எத்தகைய வாக்கிய அமைப்பில் வரும், ஒரு பெயர்ச்சொல்லை எண்ணலாமா எண்ணக்கூடாதா என்பனவற்றை எல்லாம் அது குறித்துக் காட்டியது. 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைஸஸ்' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்களுக்கு அந்தக் குறிப்பின் அருமை தெரியும். ஆங்கிலேயனுக்கு அக்குறிப்பு தேவையே இல்லை. ஆகையால் ஆங்கிலேயனுக்காக எழுதிய அக்கால அகராதிகளில் அதைத் தேடிப் பயனில்லை.

வேலை முடிந்தது, யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பிரிட்டனோடு போர் தொடுத்தது. ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, பின்னர் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலம் பகைவனின் பாஷை என்று ஜப்பானில் ஒதுக்கப்பட்டிருந்த 1942-ஆம் ஆண்டில், டோக்கியோவில் கைத்தாகுஷா என்னும் பதிப்பகத்தார் அந்த அகராதியை வெளியிட்டனர். ஒரு பகை நாட்டின் தலைநகரில், பகைவரின் மொழியில், பகைவர் ஒருவர் தொகுத்த நூல்! அதையே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் 1948-இல் வேறு பெயரிட்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர். பின்னர் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' என்ற பெயரோடு அது உலகெங்கும் பரவியது. 1961-இல் ஹார்ன்பி ஓர் அறக்கட்டளை நிறுவி, தம் நூல் வருவாயில் பெரும்பகுதியை வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களின் பயிற்சிக்கென்று ஒதுக்கினார்.

சொல்லை மாற்றிப் பொருள் கொள்வது தேர்வில் மதிப்பெண் போகும் காரியம் மட்டுமன்று. எண்ணெய் லாரியின் பின்புறத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பது அதன் பொருள். ஆனால் 'இன்' என்னும் முன்னொட்டு பல சொற்களில் எதிர்மறையைக் குறிப்பதால், தீப்பற்றாதது என்று கருதிவிட இடமுண்டு. ஆங்கிலமே தாய்மொழியான அமெரிக்காவில், தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே இதை உணர்ந்து, 'இன்' என்பதை நீக்கி 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுமாறு வற்புறுத்தத் தொடங்கினர்.

ஜான்ஸன் தம் முன்னுரையில் எடுத்துக்காட்டிய தொடர்களுள் ஒன்று 'டேக் ஆஃப்'. அவர் கொடுத்த பொருள், ஒன்றைப் பார்த்து அவ்வாறே செய்தல் என்பது. ஆகாய விமானம் அவருடைய கனவிலும் இல்லை. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், கானரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. ஒன்று டச்சு விமானம். மற்றொன்று அமெரிக்க விமானம். புறப்படுவதற்கு அனுமதி வரும் முன்பே டச்சு விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் துணை விமானி, 'நாங்கள் இப்போது அட் டேக் ஆஃப்' என்று வானொலியில் தெரிவித்தார். கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் கருத்து. தம் டச்சு மொழியின் வாக்கிய அமைப்பையே அவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார் என்று மொழியறிஞர் சிலர் எண்ணுகின்றனர். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஸ்பானியர். கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்று அவர் பொருள் கொண்டார். காத்திருக்கும்படி அவர் சொன்ன விடை, அதே நேரத்தில் அமெரிக்க விமானம் பேசிய பேச்சோடு மோதி, வெறும் கீச்சொலியாகப் போய்விட்டது. இரு விமானங்களும் ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் மாண்டனர்.

அந்த விபத்துக்குப் பனியும் அவசரமும் அனுமதியின்மையும் காரணங்கள். சொல் ஒன்று மட்டுமே காரணமன்று. எனினும் அதன்பின் வான்வழிப் போக்குவரத்தின் பேச்சு விதிகள் இறுக்கப்பட்டன. மேலெழும்ப அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே கட்டுப்பாட்டு அறை 'டேக் ஆஃப்' என்னும் தொடரை வாய்விட்டுச் சொல்லும். மற்ற எந்தச் சமயத்திலும் அதற்குப் பதிலாக 'டிபார்ச்சர்' என்றே சொல்லப்படுகிறது.